பேரீச்சை வீதியில் வல்லாரை

மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினால், கல்லடிப் பாலம், நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று கழிந்து சற்று நேரத்தில் வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். காத்தான்குடி வந்துவிட்டது என்பதற்கு வேறு பெயர்ப்பலகை வேண்டாம். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் இறங்குகிறார்கள். மரங்கள் காய்த்துக் குலை தள்ளிய செய்தி பத்திரிகைகளிலும் வந்ததுண்டு. அரேபியாவை நினைவூட்ட வைத்த மரங்கள், அழகுதான், மறுக்கவில்லை. எனக்கென்னவோ அவற்றில் பெரிய ஈடுபாடு வரவில்லை. அந்த வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கிணற்றடித் தண்ணீர் ஓடி ஈரம் காயாத ஒரு முழ அகல நிலத்தில் வல்லாரை தானாகப் படர்ந்து கிடந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் படம் எடுப்பதுமில்லை. நான் வந்தது அதைப் பார்க்க.

கொழும்பில் இருக்கும் என் அண்ணனின் மகள் ஆசைப்பட்டுக் கேட்ட முகக்கிரீமின் பெயர் ‘சிக்கா’. கொரியக் கம்பெனிகள் தொடக்கிவைத்த மோகம் இது. ஜப்பானியக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. விரலளவு குப்பி, விலையோ ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைச் சந்தைச் செலவு. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் ‘சென்டெல்லா ஏசியாட்டிக்கா’ என்று இருக்கும். வல்லாரைதான். மடகஸ்கார்த் தீவுச் சனங்கள் இதைப் புண்ணுக்கு அரைத்துப் போடுவதைக் கண்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1940களில் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஏசியாட்டிகோசைட், மடெகாசோசைட் என்று இன்று கிரீம் பெட்டிகளில் காணும் பெயர்களின் பூர்வீகம் அதுதான். புண் ஆறவும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் ஊறவும் அவை உதவுகின்றன என்பது ஆய்வில் கண்ட விஷயம். விளம்பரக்காரன் கட்டிவிட்ட கதையல்ல. ஆனால் மட்டக்களப்புச் சந்தையில் ஒரு கட்டு வல்லாரையை இன்றைக்கும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம்.

ஜப்பானியர் நூறு வயது வாழும் இரகசியம் என்று சொல்லும் புத்தகங்களும் இப்படித்தான் விற்கின்றன. ‘இக்கிகய்’ தமிழிலும் வந்துவிட்டது. ஆசைப்படுவதில் தப்பில்லை: 2024 செப்டெம்பரில் ஜப்பானில் நூறு வயதைத் தொட்டவர்கள் 95,119 பேர். 1963 இல் இந்தக் கணக்கை முதன்முதலாக எடுத்தபோது இருந்தவர்கள் 153 பேர்தான். புத்தகக்காரர்கள் எல்லோரும் போய் நிற்கும் இடம் ஒகினாவாத் தீவும் அதன் வடபகுதியில் உள்ள ஒகிமி கிராமமும். அங்கே கிழவிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள்: வத்தாளங்கிழங்கு, பாகற்காய், மஞ்சள், கீரை வகைகள், கடற்பாசி, கொஞ்சம் மீன். இந்தப் பட்டியலை மட்டக்களப்பார் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். “இது நம்மட குசினிதானே” என்பார்கள். நானும் பேராதனையில் என்னோடு படித்த காத்தான்குடித் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சொன்னது வேறு: “நம்மட குசினி இல்ல, எங்கட மூத்தம்மாட குசினி. அது மூடுறதுக்குள்ள வந்து பாரு.”

மூத்தம்மா எண்பதைக் கடந்தவர். அடையாள அட்டையை நம்பினால் எண்பத்து நாலு, அவரையே நம்பினால் அதற்கும் மேல். நான் போய்ச் சேர்ந்தபோது சுபஹு தொழுது முடித்துக் குர்ஆனையும் மூடிவைத்துவிட்டுக் குரக்கன் மாவை வெறும் தாச்சியில் வறுத்துக்கொண்டிருந்தார். பச்சை மா வாசம் போய் மண்ணும் கடலையும் கலந்த ஒரு வாசம் எழும்பியதும் இறக்கி, ஆறவிட்டு, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியாலேயே பிசறினார். உள்ளங்கை மாவில் படவேயில்லை, பட்டால் கட்டிபட்டுவிடுமாம். அளவுக் கோப்பை எதுவும் கிடையாது. கடுகு மணிபோல மா உருண்டு வந்ததும் கை தானாக நின்றது. பிறகு புதுசாகத் துருவிய தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்த்து, குழலில் அடைத்து, ஆவி மேல்வாயால் சீறிக்கொண்டு வரும்வரை வைத்தார். கூட இருந்தவை: கொறுக்காய்ப்புளி போட்ட கீரிமீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல், மெல்லிசாக அரிந்த வல்லாரையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிப்புளி சேர்த்துப் பிசைந்த சம்பல்.

“எத்தனை வயசு, மூத்தம்மா?” என்று கேட்டுவைத்தேன்.

“வயச எண்ணுறவன் மேல இரிக்கான் புள்ள. நீ புட்டத் தின்னு.”

100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. வயதான பெண்களின் எலும்புக்கு என்ன கொடுப்பது என்று வைத்தியர்கள் யோசிக்கும் காலத்தில் இந்தத் தானியம் சேனைகளிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருக்கிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மழையை நம்பிச் சேனை செய்தவர்கள் முன்பு குரக்கனும் சோளமும் இறுங்கும் மாறிமாறிப் போட்டார்கள். அந்தத் தானியமும் தேனும் சட்டிகளில் உறையவைத்த எருமைத் தயிரும் தோணியேறி எழுவான்கரை வந்து சேரும். காத்தான்குடி வியாபாரிகளின் சீத்தைத் துணியும் பாத்திரமும் அதே தோணியில் மறுகரை போகும். இன்று தோணிக்கு வேலை குறைவு. மண்முனைத்துறையில் 2014 இல் திறந்த பாலத்தில் ஓட்டோவே போகிறது. அந்தப் பாலம் ஜப்பானின் நிதியுதவியில் கட்டப்பட்டது. ஜப்பானைப் பற்றி எழுத வந்தவளுக்கு வாவியின் மேல் கண்ணுக்குத் தெரிந்த ஜப்பான் அது.

மூத்தம்மா எடுத்துக்கொண்ட புட்டு ஒரு துண்டு. இரண்டாவதை நான் வைக்கப் போனபோது கையால் மறைத்தார். வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று விடச் சொன்ன நபிமொழியை இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஒகினாவாக் கிழவர்கள் சாப்பிட உட்காரும்போது சொல்லிக்கொள்வது ‘ஹரா ஹாச்சி பு’, வயிறு பத்தில் எட்டு நிரம்பினால் போதும் என்று. கைபாரா எக்கிகென் என்ற ஜப்பானிய அறிஞர் எண்பதைத் தாண்டிய வயதில் 1713 இல் எழுதிய ‘யோஜோகுன்’ என்ற உடல்நல நூலும் இதையேதான் விரித்துச் சொல்கிறது. நம் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் பெரும்பாலும் அளவாக உண்பதைப் பற்றியே பேசுகிறது. சொல்வதற்கு எந்த ஊரிலும் குறைவில்லை. கையால் தட்டை மறைக்கிறவர்கள்தான் குறைவு. அதே காத்தான்குடியில் கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பிரியாணியும் வட்டிலப்பமும் வழித்தெடுப்பதையும் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒரு பங்குக் கணக்கு அங்கே யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இருந்தாலும் சஹனில் ஒரு நல்லது உண்டு. யாரும் தனியே சாப்பிடுவதில்லை.

மூத்தம்மாவின் உடம்பில் நான் முதலில் கவனித்தது முகத்தையல்ல, முழங்காலை. எதையும் பிடிக்காமல் நிலத்திலிருந்து எழும்பினார். ஒரு நாளின் ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் 17 ரக்அத். ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூது என்றால் நெற்றி 34 முறை நிலத்தைத் தொட்டு எழும்புகிறது. சுன்னத்துகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஏழெட்டு வயதில் தொடங்கியதை எண்பதிலும் விடவில்லை. ஒகினாவா வீடுகளில் நாற்காலி குறைவு, கிழவிகள் பாய் விரித்த தரையில் இருந்து எழும்பியே கால்பலத்தைக் காப்பாற்றினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தொழுகை உடற்பயிற்சி அல்ல, அப்படிச் சொன்னால் மூத்தம்மா கோபிப்பார். உடம்பு அதைக் கேட்டுக்கொண்டா பலன் எடுக்கிறது? அவருடைய மகள், என் தோழியின் உம்மா, ஐம்பத்தெட்டு வயதிலேயே கதிரையில் இருந்து தொழுகிறார். சீனி வருத்தம், முழங்கால் நோ, கிளினிக் கொப்பி எல்லாம் அவருக்கு உண்டு. தாயைவிட மகள் கிழவியாகத் தெரியும் வீடுகளை இந்தக் கரையில் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது சீதனமாக மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் ஒதுக்கமாக ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் இருந்து ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம். நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காத்தான்குடியில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. இங்கே ஒரு கிழவி யார் வீட்டிலும் ஒண்டியிருப்பதில்லை. பிறந்த வளவிலேயே, தான் பெற்ற பெண்களுக்கும் அவர்கள் பெற்ற பெண்களுக்கும் நடுவில், குசினிக்கு அதிகாரியாக முதுமை அடைகிறாள். பின்னேரங்களில் பக்கத்து வளவுப் பெண்கள் வந்து சேர்வார்கள். சீட்டுக் காசு, கல்யாணப் பேச்சு, யாருக்கு என்ன வருத்தம், எல்லாம் அந்த விறாந்தையில்தான். ஒகினாவாவில் ‘மோஆய்’ என்று கொண்டாடுகிறார்களே, அதுவும் ஒரு சீட்டுதான்: சிநேகிதர்கள் மாதாமாதம் கூடிக் காசு போட்டு முறைவைத்து எடுப்பது, சாவு வரைக்கும் ஒருவரை ஒருவர் விடாமல் இருப்பது.

ஆனால் கிழவியைக் காப்பாற்றும் இதே வழக்கம்தான் அவளுடைய மருந்துத் தோட்டத்தை அழித்தது. சில சதுர கிலோமீட்டருக்குள் 40,000 பேருக்கு மேல் வாழும் ஊர் இது. கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கும் தெற்கும் அடுத்த ஊர்கள், விரிய இடமில்லை. மகளுக்கு மகள் வீடு கட்டிக் கொடுக்க வளவு இரண்டாகி, நாலாகி, எட்டாகிவிட்டது. தோழி வீட்டு வளவில் முன்பு முருங்கை, செவ்வரத்தை, மருதோன்றி, ஆடாதோடை, கற்பூரவள்ளி, தூதுவளை, வேம்பு, இரண்டு தென்னை நின்றனவாம். அந்த இடத்தில் இப்போது ஒரு மாடிவீடும் ஓடு பதித்த முற்றமும். மிஞ்சியவை மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் வளர்கின்றன. வல்லாரையைக் கீழே ஒழுங்கையில்தான் பார்க்க முடிந்தது. அதையும் பிடுங்கிச் சமைக்க மாட்டார்கள், கழிவுநீர் கலக்கிறது. சமையலுக்குச் சந்தைதான். ஊரின் பூர்வீக நூதனசாலையில் பழைய முஸ்லிம் வாழ்வைக் காட்டும் ஆளுயர உருவங்களையும் வீட்டுப் பொருட்களையும் வைத்திருக்கிறார்கள். செடிகளுக்கும் அங்கே ஒரு பாத்தி போட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

பின்னேரம் வாவிக்கரைக்குப் போனோம். ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிக நீளமான இந்த வாவியின் பாடும் மீன் கதை எல்லோரும் அறிந்தது, அதை விட்டுவிடலாம். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கண்ணாவும் கிண்ணையும் நிற்கும் சேற்றில் ஒரு பெண் அத்தாங்கு தள்ளி இறால் பிடித்தாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் குனிந்து நிமிர்ந்து, பொறுக்கி, இடுப்பில் கட்டிய பறியில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். கண்டல் வேர்கள்தான் இறால் குஞ்சுகளின் பிள்ளைமடுவம். அந்த வேர்களுக்குள் பொலித்தீன் பைகள் தொங்கின; கரையைக் குப்பையால் நிரவிக்கொண்டு வரும் இடங்களும் உண்டு. கொடுவா, ஓரா, நண்டு என்று நல்லதெல்லாம் ஹோட்டல்களுக்கும் கொழும்புக்கும் போய்விடுகிறது. ஊர்ச் சட்டிக்கு வருவது சின்ன மீன்தான். நல்லதுக்குத்தான். முள்ளோடு மெல்லும் சின்ன மீனில்தான் கல்சியமும் ஒமேகா கொழுப்பும் விலை மலிவாகக் கிடைக்கின்றன.

ஒகினாவாக்காரர்கள் சாப்பிட்டதும் மலிவானதைத்தான். புத்தகங்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகின்றன. 1605 இல் நொகுனி சோகன் என்பவர் சீனாவிலிருந்து கொண்டுவந்த வத்தாளங்கிழங்கு, புயலில் நெல் சாயும் அந்தத் தீவைப் பஞ்சத்திலிருந்து காத்தது. அடுத்த மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே சோறு. 1949 இல் எடுத்த கணக்கின்படி ஒகினாவாவாசி ஒருவரின் ஒரு நாள் சக்தியில் ஏறத்தாழ 69 வீதம் அந்தக் கிழங்கிலிருந்து வந்தது. ஒரு நாளின் மொத்தமே 1,800 கலோரிக்குச் சற்றுக் குறைவு. இதை ஆசைப்பட்டுத் தேர்ந்த உணவு என்று சொல்ல முடியாது. போரில் எரிந்த தீவு அது. 1945 ஒகினாவாப் போரில் அங்கிருந்த மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மாண்டார்கள். பின்னாளில் நூறு வயது கண்டு உலகத்தை வியக்கவைத்தவர்கள் அந்த வெறுமைக்கு மிஞ்சியவர்கள்.

காத்தான்குடியில் ஆயுளைப் பற்றிப் பேசும்போதும் அப்படி ஒரு தேதியைத் தாண்டிப் போக முடியாது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இந்த மாவட்டத்தில் ஆதியிலிருந்து சொல்வார்கள். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு பல காலம் தொண்டைக்குள் நின்றுவிட்டது. பிறகு 2004 இல் சுனாமி. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை நடத்தியவன் இந்த ஊரான் என்பதால் ஊர் முழுவதும் பட்ட அவமானமும் சந்தேகமும் வேறு. மூத்தம்மா இவற்றில் எதைப் பற்றியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழச்சியான எனக்கு அவர் கையால் புட்டு வைத்தார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒகினாவாவின் கதை நூறு வயதோடு முடியவில்லை என்பதையும் புத்தகங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. 1985 வரை ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் ஆயுளில் ஒகினாவா முதலிடம். 2000 இல் 26 ஆம் இடம். ஜப்பானியர் அதை ‘26 அதிர்ச்சி’ என்றே சொன்னார்கள். 2020 கணக்கில் 43. பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த பெண்களும் 16 ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். கிழங்கும் பாகற்காயும் மஞ்சளும் தீவைவிட்டு எங்கும் போய்விடவில்லை. 1972 வரை அமெரிக்க ஆட்சி, இன்றும் அமெரிக்க இராணுவத் தளங்கள். ஹம்பர்கர்க் கடை ஜப்பானின் மற்றப் பகுதிகளை முந்திக்கொண்டு 1963 இலேயே அங்கே வந்துவிட்டது. தகரத்தில் அடைத்த இறைச்சி சமையலில் புகுந்தது. ரயில் இல்லாத தீவில் எல்லோரும் காரில் ஏறினார்கள். ஒரே ஒரு தலைமுறை போதுமாக இருந்தது.

இங்கே ஹம்பர்கர் வேலையைக் கோதுமை மா செய்தது. வெளிநாட்டு மா மானிய விலையில் வந்து பழகி, பிறகு 1980 வாக்கில் திருகோணமலையில் பிரீமா மாஆலையும் இயங்கத் தொடங்க, பாணும் பராட்டாவும் ரொட்டியும் ஏழை வீட்டுக் காலைச் சாப்பாடாகின. குரக்கன் வறுக்க நேரம் வேண்டும். பாண் வாங்க ஒழுங்கை முனைக்குப் போனால் போதும். காத்தான்குடிப் பிரதான வீதியில் இரவு எட்டு மணிக்கு நடந்தால் கொத்து ரொட்டிச் சத்தம்தான் ஊரின் தாளம். நானும் விரும்பிச் சாப்பிடுகிறவள், அதனால் பெரிதாகப் பழி சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூடவே மூன்று கரண்டிச் சீனி போட்ட பால் தேத்தண்ணி, கலர்ச் சோடா, ரோல்ஸ். இலங்கையில் 2005-06 இல் எடுத்த ஆய்வொன்று வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018-19 இல் நடந்த நாடளாவிய ஆய்வில் அது 23 வீதம். கணக்கிட்ட முறைகள் வேறுபட்டாலும் போகும் திசை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் ஜப்பானிய மூலிகை, ஜப்பானியத் தேநீர் என்று கப்ஸ்யூலில் விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒகினாவாவை ஒகினாவாவின் செடியாலேயே காப்பாற்ற முடியவில்லை. கிழங்கை வேகவைத்து, அளவாகத் தின்று, தரையிலிருந்து எழும்பி, நாலு பேரோடு இருந்து வாழ்ந்த வாழ்க்கையின் ஒரு துண்டுதான் செடி.

கடற்பாசியைச் சொல்லாமல் விட்டால் நோன்பு காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். பாசியை ஊறவைத்துக் கொதிக்கவைத்து, வடித்து, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறையவைத்து, சாய்சதுரமாக வெட்டி நோன்பு திறக்கும்போது பரிமாறுவார்கள். ஜப்பானில் இதே சரக்குக்குக் ‘கன்டென்’ என்று பெயர்; 17 ஆம் நூற்றாண்டில் கியோட்டோவுக்கு அருகே புஷிமியில், சமைத்து மிஞ்சிய பாசிக் கூழைக் குளிர் இரவில் வெளியே வைத்ததில் உறைந்து காய்ந்து கண்டுபிடிக்கப்பட்டதாகக் கதை. இலங்கைக் கரையோரப் பாசிக்கும் ஒரு காலத்தில் ‘சிலோன் மொஸ்’ என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் இருந்தது. ஜப்பானில் அதைச் சீனி குறைத்து, வயிறு நிறைக்கும் நார்ச்சத்தாகச் சாப்பிடுகிறார்கள். நாம் ரோஸ் சிரப்பையும் டின் பாலையும் ஊற்றி அதன் குணத்தையே மாற்றிவிட்டோம்.

அடுத்த நாள் எண்ணெய் காய்ச்சும் நாள். தேங்காயெண்ணெயில் நசித்த செவ்வரத்தைப் பூவும் இலையும், கறிவேப்பிலை, மருதோன்றி இலை, கற்றாழைச் சோறு, ஒரு கைப்பிடி வெந்தயம். மூத்தம்மா அடுப்பருகே இருந்து எண்ணெயைப் பார்க்கவேயில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். இலைகளின் ஈரம் எண்ணெயில் வெடிக்கும் சடசடப்பு மெல்ல மெல்லக் குறைந்து முற்றாக அடங்கியதும் இறக்கச் சொன்னார். சத்தம் இருந்தால் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் இருந்தால் எண்ணெய் பூசணம் பிடிக்கும். கணக்கு அவ்வளவுதான். ஜப்பானியப் பெண்கள் தலைக்குக் கமேலியா விதை எண்ணெயைத் தடவினார்கள். முகத்துக்கு அரிசித் தவிட்டைத் துணிப்பையில் கட்டி வெந்நீரில் நனைத்துத் தேய்த்தார்கள். இன்று அந்தத் தவிடு ‘கொமெனுக்கா’ என்று குப்பியில் வருகிறது. மட்டக்களப்பு அரிசி ஆலைகளில் மலையாகக் குவியும் தவிடு மாட்டுக்குப் போகிறது. மூத்தம்மாவின் முகத்துக்கு என்ன என்று கேட்டேன். சின்ன வயசில் பயற்றம் மா, அரைத்த மஞ்சள், அரிசி கழுவின தண்ணி. இப்போது தொழுகைக்கு ஒளுச் செய்யும் வெறும் தண்ணிதான் என்றார். முக்காடு வெயிலை மறைத்த கணக்கையும் நான் சேர்த்துக்கொள்வேன். தோலை முதுமையாக்குவதில் வெயிலுக்கு நிகரான வேலைக்காரன் இல்லை.

தோழியின் தங்கைக்கு இருபது வயது. அவளுடைய அலமாரியில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. ஒரு கிழமையில் நிறம் வரும் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். தயாரிப்பாளர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற எழுத்தும் இல்லை. இலங்கைச் சந்தையில் விற்கும் நிறமூட்டும் கிரீம்களைச் சோதித்த சுற்றுச்சூழல் அமைப்புகள் பலவற்றில் பாதரசத்தைக் கண்டிருக்கின்றன. பாதரசம் தோலின் நிறமியைத் தடுக்கும். அதனால் முகம் உண்மையாகவே வெளுக்கும். பிறகு சிறுநீரகத்தைப் பிடிக்கும், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும் பிள்ளையின் உடம்பிலும் ஏறும்.

பாதரசம் என்றால் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் ஊரும் ஜப்பானில்தான் இருக்கிறது. காத்தான்குடியைப் போல மீனை நம்பிய கரையோர ஊர், மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ கம்பெனியின் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவு மீனில் ஏறி, மீன் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன; பிறகு மீனவக் குடும்பங்கள் கைகால் இழுத்து வீழ்ந்தன. 1956 இல் அந்த நோய் பதிவானது. 2013 இல் உலக நாடுகள் கையெழுத்திட்ட பாதரச உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அதன்படி பாதரசம் சேர்த்த முகக்கிரீமைச் செய்யவோ இறக்குமதி செய்யவோ கூடாது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. தங்கச்சிக்கு இதையெல்லாம் சொன்னேன். “அப்ப இத என்ன செய்ற, அக்கா?” என்றாள். வாவியில் எறிந்துவிடாதே என்று மட்டும் முதலில் சொன்னேன்.

காத்தான்குடிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் கரைவலை மீன் பார்க்கலாம், குரக்கன் புட்டு சூடாகக் கிடைக்கும் வீடும் யாராவது காட்டுவார்கள். ரமழானில் பகல் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். மஃரிபுக்குப் போனால் கஞ்சி தராமல் அனுப்ப மாட்டார்கள். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் பாகற்காய்ச் சாற்றைத் தொடங்குமுன் கிளினிக்கில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும். பெயரில்லாத நிறக் கிரீம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். சில மாதம் பூசியவர்கள் சிறுநீரகத்துக்கான பரிசோதனையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.